சகோதரர் என்றால் சகோதரியும் உண்டா?

ஒரு மண்டபத்தில் நூறு பேர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் அறுபது பேர் பெண்கள். மேடையேறிய பேச்சாளர், "சகோதரர்களே!" என்று அழைத்துத் தம் உரையைத் தொடங்குகிறார். அந்த அறுபது பெண்களும் தங்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்களா? அல்லது, ஆண்களிடம் ஏதோ தனியாகச் சொல்கிறார் என்று பேசாமல் இருந்துவிடுவார்களா?

கேட்பதற்கு மிகச் சாதாரணமான கேள்விதான். ஆனால், இதே கேள்வி பைபிள் மொழிபெயர்ப்புக்குள் நுழைந்தபோது பெரிய புயலே வீசியது. அமெரிக்காவில் அதிகம் விற்பனையான ஆங்கில பைபிளின் திருத்தப் பதிப்பு ஒரே நாளில் கைவிடப்பட்டது. ரோமாபுரி அளித்த ஒப்புதலை ரோமாபுரியே திரும்பப் பெற்றது. கோடிக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட ஒரு திருச்சபைக் கூட்டமைப்பு, ஒரு நூலை விற்கவேண்டாம் என்று தன் சொந்தப் புத்தகக் கடைகளைக் கேட்டுக்கொண்டது.

ஒரு வேதநூலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எந்தச் சொல்லைப் போடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மொழி அறிஞரா? மத குருவா? அரசியலா? சந்தையா? நானூறு ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், நால்வருக்கும் அதில் பங்கு இருப்பது தெரியவரும்.

கிரேக்கம் சொன்னது என்ன?

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியில் 'ஆந்த்ரோபோஸ்' என்று ஒரு சொல் உண்டு. பெரும்பாலும் அதற்கு மனிதர் என்று பொருள். ஆணை மட்டும் குறிக்க வேண்டுமானால் 'அனேர்' என்ற வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'மேன்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தி வந்தார்கள். மூலத்தில் இரண்டாக இருந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் ஒன்றாகக் கரைந்துபோனது.

அடுத்தது 'அடெல்ஃபோய்' என்ற சொல். பவுல் தம் கடிதங்களில் சபையாரை அழைக்கப் பயன்படுத்திய சொல் இதுதான். இலக்கணப்படி ஆண்பால் பன்மை. ஆனால், அண்ணனும் தங்கையும் சேர்ந்து இருந்தாலும் கிரேக்கர்கள் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். பவுலின் கடிதங்கள் வாசிக்கப்பட்ட சபைகளில் பெண்களும் அமர்ந்திருந்தார்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் அவர் பெயர் சொல்லி வாழ்த்துபவர்களில் பெண்கள் பலர். அப்படியானால் 'சகோதரரே' என்று மட்டும் மொழிபெயர்ப்பது சரியா, 'சகோதர சகோதரிகளே' என்பது சரியா?

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. ஆவி என்பதைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெண்பால். கிரேக்கத்தில் அது இரண்டுமற்ற பால். லத்தீனில் ஆண்பால். சிரியாக் மொழி பேசிய தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் பரிசுத்த ஆவியைப் பெண்பால் வினையோடு எழுதினார்கள். ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி அந்த வழக்கம் மெல்ல மாறி ஆண்பால் நிலைபெற்றது. ஆக, வேதநூலில் பால் பற்றிய சிக்கல் நேற்று முளைத்ததல்ல.

அரசர் வகுத்த விதி

மொழிபெயர்ப்பில் அதிகாரம் எப்படித் தலையிடும் என்பதற்கு இங்கிலாந்தின் கதை நல்ல உதாரணம். பைபிளை ஆங்கிலத்தில் தந்த வில்லியம் டின்டேல், 'சர்ச்' என்று வழங்கிய இடத்தில் மக்கள் கூட்டம் என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். 'குரு' என்ற இடத்தில் 'மூப்பர்' என்று எழுதினார். இவை வெறும் சொற்கள்தாமே என்று திருச்சபை விட்டுவிடவில்லை. குருமாரின் அதிகாரத்தையே அசைக்கும் சொற்கள் என்று சர் தாமஸ் மோர் அவரைக் கடுமையாகச் சாடினார். 1536ஆம் ஆண்டு டின்டேல் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் எரிக்கப்பட்டது.

1604ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னர் புதிய மொழிபெயர்ப்புக்கு ஆணையிட்டபோது, மொழிபெயர்ப்பாளர்களுக்கு 15 விதிகள் தரப்பட்டன. பழைய திருச்சபைச் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், 'சர்ச்' என்ற சொல்லை மாற்றக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. மன்னரின் ஆட்சியும் ஆயர்களின் ஆட்சியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற காலம் அது.

வேடிக்கை என்னவென்றால், 1611இல் வெளிவந்த அந்த கிங் ஜேம்ஸ் பைபிள், பல இடங்களில் கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் 'மகன்கள்' என்று இருப்பதைப் 'பிள்ளைகள்' என்றே மொழிபெயர்த்திருக்கிறது. இஸ்ரவேலின் மகன்கள் என்பதை இஸ்ரவேலின் பிள்ளைகள் என்று எழுதியவர்கள் அவர்கள்தாம். அன்று அதைப் பெண்ணுரிமைக் கொள்கை என்று யாரும் சொல்லவில்லை. இயல்பான ஆங்கிலம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

பசுக்களை இழந்த மொழிபெயர்ப்பாளர்

அந்த மொழிபெயர்ப்புக் குழுக்களில் ஒரு பெண் கூட இல்லை. 1870இல் கிங் ஜேம்ஸ் பைபிளைத் திருத்தக் கூடிய குழுவிலும் இல்லை. ஆனால், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிளாஸ்டன்பரி என்ற சிற்றூரில் ஜூலியா ஸ்மித் என்ற பெண்மணி தன்னந்தனியாக முழு பைபிளையும் மூல மொழிகளிலிருந்து மொழிபெயர்த்து வைத்திருந்தார். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் அவருக்குத் தெரியும்.

அந்தக் கையெழுத்துப் படி பல ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்தது. அதை வெளியே கொண்டுவந்தது ஒரு வரித் தகராறு! ஜூலியாவும் அவருடைய தங்கை அபியும், வாக்குரிமை தராத ஊருக்கு வரி கட்டமாட்டோம் என்று மறுத்தார்கள். 1874இல் வரிக்காக அவர்களுடைய பசுக்கள் ஜப்தி செய்யப்பட்டன. செய்தி நாடெங்கும் பரவியது. அப்போது ஜூலியாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. வாக்களிக்கத் தகுதி இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணால் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டவே, 1876ஆம் ஆண்டு அவர் தம் சொந்தச் செலவில் அந்த மொழிபெயர்ப்பை அச்சிட்டார். ஆங்கிலத்தில் முழு பைபிளையும் மொழிபெயர்த்த முதல் பெண் அவர்தான்.

அடுத்து வந்தவர் எலிசபெத் கேடி ஸ்டான்டன். பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1895இலும் 1898இலும் இரு பாகங்களாகப் 'பெண்களின் பைபிள்' என்ற விளக்க நூலை வெளியிட்டார். ஊர் எதிர்த்தது ஒரு பக்கம் இருக்கட்டும். 1896இல் அவர் வளர்த்த வாக்குரிமைச் சங்கமே அந்த நூலுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. மதத்தைத் தொட்டால் வாக்குரிமை கைநழுவிவிடும் என்ற அச்சம்தான் காரணம். இங்கேயும் அரசியல்தான் எது பேசலாம், எது பேசக்கூடாது என்பதைத் தீர்மானித்தது.

ஆணாக மாறிய யூனியா

இந்த வரலாற்றிலேயே வியப்பூட்டும் கதை யூனியாவுடையது. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் அந்திரோனிக்கு, யூனியா என்ற இருவருக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். அவர்கள் அப்போஸ்தலர்களுக்குள் பெயர்பெற்றவர்கள் என்று குறிப்பிடுகிறார். யூனியா என்பது ரோமானியர்களிடையே வழங்கிய பெண் பெயர். ரோம் நகரக் கல்வெட்டுகளில் மட்டும் 250 முறைக்கு மேல் அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. யூனியாஸ் என்ற ஆண் பெயரோ ஒரு முறை கூடக் கிடைக்கவில்லை.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற போதகர் யோவான் கிறிசோஸ்தோம், யூனியாவைப் பெண் என்றே சொல்லி, அப்போஸ்தலர் என்ற பெயருக்கே தகுதி பெற்றவர் என்று பாராட்டினார். இத்தனைக்கும் பெண்கள் தலைமை தாங்குவதை ஆதரித்தவர் அல்லர் அவர்! இடைக்காலத்தில்தான் எண்ணம் மாறியது. அப்போஸ்தலர் என்றால் ஆணாகத்தானே இருக்க முடியும்? எனவே யூனியாவும் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதம் திரும்பியது. மார்ட்டின் லூதரும் ஆண் என்றே கொண்டார்.

பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் ஒலிக்குறிகள் கிடையாது. எழுத்தின்மேல் குறியை ஒரு விதமாகப் போட்டால் யூனியா பெண். வேறு விதமாகப் போட்டால் ஆண். உலக அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பில் 1927இல் ஆண்பால் குறி போடப்பட்டது. 1946இல் வெளிவந்த ஆர்.எஸ்.வி. ஆங்கிலப் புதிய ஏற்பாடு ஒரு படி மேலே போய், மூலத்தில் இல்லாத 'ஆண்கள்' என்ற சொல்லையே அந்த வரியில் சேர்த்துவிட்டது. 1977இல் பெர்னடெட் புரூட்டன் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். பலரும் ஆராய்ந்தார்கள். 1998இல் கிரேக்கப் பதிப்பு பெண்பால் குறிக்குத் திரும்பியது.

ஒரே ஒரு குறி! அதைப் போட்டவர்கள் பொய் சொல்ல நினைத்தவர்கள் அல்லர். அப்போஸ்தலர் ஒருவர் பெண்ணாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. தலையீடு எப்போதும் ஆணையாக வருவதில்லை. சில வேளைகளில் பழக்கமாகவும் வரும்.

எரிந்த பக்கம்

ஆர்.எஸ்.வி. முழு பைபிள் 1952இல் வெளிவந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏசாயா நூலின் ஏழாம் அதிகாரத்தில் 'கன்னி' என்று வழங்கிய எபிரேயச் சொல்லை அது 'இளம்பெண்' என்று மொழிபெயர்த்தது. வட கேரோலைனா மாநிலத்தில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தை மக்கள் முன்னிலையில் தீயிட்டு எரித்தார். அது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போரில் நின்ற காலம். மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கம்யூனிசத் தொடர்பு உண்டு என்ற பேச்சு கிளம்பியது. 1960இல் அமெரிக்க விமானப் படையின் பயிற்சிக் கையேடு ஒன்றிலேயே அந்தக் குற்றச்சாட்டு இடம்பெற்று, கண்டனம் எழுந்தபின் கையேடு திரும்பப் பெறப்பட்டது. எபிரேய அகராதியில் தீர்க்க வேண்டிய ஒரு சொல், நாட்டுப்பற்றுக்குப் பரீட்சையாகிவிட்டது.

1970களில் காற்று மாறியது. பெண்ணுரிமை இயக்கம் வலுத்தது. பணியிடம், பள்ளிப் பாடநூல், செய்தித்தாள் என எங்கும் மொழி திருத்தப்பட்டது. 1974இல் மெக்ரா-ஹில் பதிப்பகம் தன் எழுத்தாளர்களுக்கு ஆண், பெண் இருவரையும் சமமாகக் குறிக்க வழிகாட்டி ஒன்றையே வெளியிட்டது. 'மேன்' என்றால் மனிதகுலம் என்று தாத்தாவுக்குப் புரிந்தது, பேத்திக்கு ஆண் என்று மட்டும் கேட்கத் தொடங்கியது.

ஆர்.எஸ்.வி.யின் உரிமையாளரான அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் மன்றம் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. பண்டைய சமுதாயத்தின் நிலையைக் காட்டும் பகுதிகளைச் சிதைக்காமல், ஆண் பெண் இருவரையும் குறிக்கும் இடங்களில் ஆண்பால் சொற்களைத் தவிர்க்குமாறு 1980இல் மொழிபெயர்ப்புக் குழுவைக் கேட்டுக்கொண்டது. புரூஸ் மெட்ஸ்கர் தலைமையில் உருவான என்.ஆர்.எஸ்.வி. 1989இல் வெளிவந்தது. 'சகோதர சகோதரிகளே' என்ற அழைப்பு அதில் இடம்பெற்றது. கடவுளைக் குறிக்கும் ஆண்பால் சொற்களை அவர்கள் தொடவில்லை.

1997 மே 27

சூறாவளி அடித்தது வேறு இடத்தில். என்.ஐ.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் 1978இல் முழுமையாக வெளிவந்தது. பழமைவாத இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் நம்பிக்கையோடு வாங்கிய பைபிள் அது. கிங் ஜேம்ஸ் பைபிளையே விற்பனையில் முந்தியது. அமெரிக்காவில் அதை வெளியிட்ட சோன்டர்வன் பதிப்பகம் 1988 முதல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஹாடர் அண்ட் ஸ்டவுட்டன் பதிப்பகம், இருபாலரையும் உள்ளடக்கும் மொழியில் அமைந்த என்.ஐ.வி. புதிய ஏற்பாட்டை 1995இலும் முழு நூலை 1996இலும் வெளியிட்டது. அங்கே பெரிய கூச்சல் எழவில்லை. அதே மாதிரித் திருத்தம் அமெரிக்காவுக்கும் வரப்போகிறது என்ற செய்தியை 1997 மார்ச் மாதம் 'வேர்ல்டு' என்ற கிறிஸ்தவ இதழ் வெளியிட்டது. பெண்ணுரிமைக் கொள்கை சத்தமின்றி பைபிளுக்குள் நுழைகிறது என்பது அந்தக் கட்டுரையின் சாரம். தொலைபேசிகள் ஓயவில்லை. கடிதங்கள் குவிந்தன.

மே 27ஆம் தேதி கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. அழைத்தவர் ஜேம்ஸ் டாப்சன். அவர் நடத்திய 'ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி' வானொலி நிகழ்ச்சிக்குப் பல இலட்சம் நேயர்கள் இருந்தார்கள். அமெரிக்க அரசியலிலும் அவர் குரலுக்கு எடை இருந்தது. மொழிபெயர்ப்புக் குழுவினர், பதிப்பாளர்கள், எதிர்ப்பாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அன்றைய தினமே என்.ஐ.வி.யின் உரிமையாளரான சர்வதேச பைபிள் சங்கம், திருத்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பைபிளில் ஆண்பால், பெண்பால் சொற்களை எப்படி மொழிபெயர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் விதிமுறைகளும் வகுக்கப்பட்டன. அடுத்த மாதம், அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான தென் பாப்டிஸ்ட் மாநாடு இத்தகைய மொழிபெயர்ப்புகளை எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

இந்தப் பரபரப்பில் இரண்டு சம்பவங்கள் கவனிக்கத்தக்கவை. டாப்சனின் அமைப்பு விற்றுவந்த சிறுவர் பைபிளிலேயே இருபாலர் மொழி ஏற்கெனவே இருப்பது அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அவசரமாக அதை நிறுத்தினார்கள். அடுத்து, மே மாத விதிமுறைகளில் 'அடெல்ஃபோய்' என்பதைச் 'சகோதர சகோதரிகள்' என்று மாற்றக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். கிரேக்கச் சான்றுகளைச் சரிபார்த்தபின், இருபாலரையும் குறிக்கும் இடங்களில் அப்படி மொழிபெயர்க்கலாம் என்று செப்டம்பரில் அவர்களே திருத்திக்கொண்டார்கள். முதலில் முடிவு, பிறகு அகராதி! அவசரத்தில் நடந்தது அதுதான்.

இரு தரப்பு நியாயம்

எதிர்த்தவர்கள் எல்லாரையும் பெண்களை வெறுப்பவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் வாதத்தில் ஒரு மெய்யான சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில் ஒருமையில் 'அவர்' என்பதற்குப் பொதுவான சொல் இல்லை. 'அவன்' அல்லது 'அவள்'தான். இருபாலரையும் சேர்க்க வேண்டுமானால் 'அவர்கள்' என்று பன்மைக்குப் போக வேண்டும். முதலாம் சங்கீதம் ஒரு தனி மனிதனின் பேற்றைப் பாடுகிறது. அதைப் பன்மையாக்கினால், ஊரே எதிர்த்தாலும் நேர்வழியில் தனித்து நிற்கும் ஒருவன் என்ற சித்திரம் மங்கிவிடுகிறது. எட்டாம் சங்கீதத்தில் வரும் 'மனுஷகுமாரன்' என்ற சொற்றொடரைக் கிறிஸ்தவர்கள் இயேசுவோடு இணைத்து வாசிப்பது வழக்கம். அதை 'மனிதர்கள்' என்று மாற்றினால் அந்த இணைப்பு அறுந்துபோகிறது. வேய்ன் குரூடம், வெர்ன் பாய்த்ரஸ் ஆகியோர் இந்தக் கோணத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார்கள்.

ஆதரித்தவர்கள் எல்லாரும் பெண்ணுரிமைப் போராளிகளும் அல்லர். டி.ஏ. கார்சன், மார்க் ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும், சபையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு பொறுப்பு என்று நம்பியவர்கள். ஆனாலும் 1998இல் அவர்கள் எழுதிய நூல்கள் இருபாலர் மொழியைப் பெருமளவு நியாயப்படுத்தின. மூலம் இருபாலரையும் குறிக்கும்போது ஆண்பாலை மட்டும் எழுதுவதுதான் பிழை என்பது அவர்கள் கருத்து.

அப்படியானால், மொழி அறிஞர்கள் அமைதியாகப் பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒன்று ஏன் போர்க்களமானது? அதே ஆண்டுகளில்தான் பெண்கள் போதகராகலாமா, குடும்பத்தில் தலைவர் யார் என்ற சர்ச்சைகள் அமெரிக்கத் திருச்சபைகளைப் பிளந்துகொண்டிருந்தன. தென் பாப்டிஸ்டுகள் 1998இல் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதையும், 2000இல் போதகர் பதவி ஆண்களுக்கே என்பதையும் தங்கள் விசுவாச அறிக்கையில் சேர்த்தார்கள். ஒவ்வொரு சொல்லும் ஏதாவது ஒரு கட்சியின் கொடியாகப் பார்க்கப்பட்டது.

ரோமாபுரியின் முடிவு

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே கதை, வேறு பாணியில். அமெரிக்க ஆயர்கள் வழிபாட்டில் என்.ஆர்.எஸ்.வி.யைப் பயன்படுத்த 1991இல் இசைந்தார்கள். 1992இல் வத்திக்கானும் அனுமதித்தது. 1994இல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. கர்தினால் ராட்சிங்கர், அதாவது பின்னாளில் 16ஆம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானவர், அப்போது விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்தார். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் ஆங்கிலப் பதிப்பும் இதே சர்ச்சையில் சிக்கியது. பிரெஞ்சு மொழியில் 1992இல் வந்த நூல், ஆங்கிலத்தில் 1994இல்தான் வெளிவர முடிந்தது. 2001இல் வத்திக்கான் வெளியிட்ட வழிபாட்டு மொழிபெயர்ப்பு ஆணை, காலத்துக்கேற்ற இருபாலர் மொழிக்கு இறுக்கமான கட்டுப்பாடு விதித்தது. 2017இல் போப் பிரான்சிஸ், வழிபாட்டு நூல்களை மொழிபெயர்க்கும் பொறுப்பில் அந்தந்த நாட்டு ஆயர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தந்தார்.

ஜெர்மனியில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 2006இல் 42 பெண்களும் 10 ஆண்களும் சேர்ந்து 'நீதியான மொழியில் பைபிள்' என்ற மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். கடவுளின் பெயருக்குக் கூட ஆண்பால், பெண்பால் வடிவங்களை அவர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். வழிபாட்டுக்கு இது பொருந்தாது என்று 2007இல் ஜெர்மானிய புராட்டஸ்டன்ட் திருச்சபையின் மன்றம் கூறிவிட்டது. மூலத்தில் இருப்பதை மறைப்பது ஒரு பிழை என்றால், இல்லாததைச் சேர்ப்பதும் பிழைதான் என்று விமர்சகர்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்த சொல்

1997இல் கைவிடப்பட்ட திட்டம் ஓய்ந்துவிடவில்லை. 2002இல் டி.என்.ஐ.வி. என்ற புதிய பெயரில் புதிய ஏற்பாடு வந்தது. 2005இல் முழு பைபிள். நூற்றுக்கும் மேற்பட்ட தலைவர்கள் எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். விற்பனை சோபிக்கவில்லை. 2009இல் பதிப்பாளர்கள் தவறுகள் நடந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மீண்டும் திருத்தத்தைத் தொடங்கினார்கள்.

இந்த முறை அணுகுமுறை மாறியது. ஆங்கிலம் உண்மையில் எப்படிப் பேசப்படுகிறது என்று காலின்ஸ் அகராதி நிறுவனத்தை ஆராயச் சொன்னார்கள். 440 கோடிக்கும் அதிகமான சொற்கள் கொண்ட தரவுத் தொகுப்பு அலசப்பட்டது. மனிதகுலத்தைக் குறிக்க 'மேன்கைண்ட்' என்ற சொல் இன்னும் வழக்கில் இருப்பதும், ஒருவரைக் குறிக்கவே 'தே' என்ற சொல்லை மக்கள் தாராளமாகப் பயன்படுத்துவதும் தெரியவந்தது. அதன் அடிப்படையில் 2011ஆம் ஆண்டு என்.ஐ.வி. வெளிவந்தது. அதில் 'சகோதர சகோதரிகளே' இருந்தது. யூனியாவும் பெண்ணாகத் திரும்பியிருந்தார். அந்த ஆண்டு தென் பாப்டிஸ்ட் மாநாடு அதை விற்கவேண்டாம் என்று தன் கடைகளைக் கேட்டுக்கொண்டது. 2012இல் கடை நிர்வாகம் தொடர்ந்து விற்பதென்றே முடிவெடுத்தது!

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. அதே தென் பாப்டிஸ்டுகளின் பதிப்பகம் 2017இல் வெளியிட்ட தங்கள் சொந்த பைபிளில், 'சகோதர சகோதரிகளே' என்ற அழைப்பு பல இடங்களில் இடம்பெற்றது. இருபது ஆண்டுக்கு முன் ஆபத்தாகத் தெரிந்த சொல், சாதாரண ஆங்கிலமாகிவிட்டது.

எதிர்ப்பாளர்கள் 2001இல் தங்களுக்கென்று இ.எஸ்.வி. என்ற பைபிளை உருவாக்கினார்கள். அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது, ஒரு காலத்தில் பக்கம் எரிக்கப்பட்ட அதே ஆர்.எஸ்.வி.தான்! 2016இல் அதன் பதிப்பாளர், இனி இந்த நூலில் ஒரு சொல்லும் மாறாது என்று அறிவித்தார். அந்தக் கடைசித் திருத்தத்தில் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஏவாளிடம் சொல்லப்பட்ட வரி மாற்றப்பட்டிருந்தது. மனைவியின் ஆசை கணவனை நாடும் என்பது, கணவனுக்கு எதிராக இருக்கும் என்று ஆனது. மனைவி இயல்பிலேயே கணவனை எதிர்ப்பவள் என்ற பொருளை எபிரேயத்தின் ஒரு சிறு இடைச்சொல்லில் ஏற்றிவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. ஒரே மாதத்தில், 'இனி மாறாது' என்ற அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2025இல் அறிவிக்கப்பட்ட திருத்தத்தில் அந்த 'எதிராக'வும் போய்விட்டது.

தமிழ் தந்த வழி

தமிழ் பைபிளின் அச்சு வரலாறு 1714இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் கையில் தொடங்கியது. நம் ஊர்த் தேவாலயங்களில் பலரும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'சகோதரரே' என்றுதான் இருக்கிறது. முதலாம் சங்கீதத்தில் 'மனுஷன்', 'பாக்கியவான்' என்ற ஆண்பால் சொற்கள் வருகின்றன. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் பவுலின் அழைப்பு 'சகோதர சகோதரிகளே' ஆகியது. சங்கீதத்தின் 'பாக்கியவான்', 'நற்பேறு பெற்றவர்' ஆனார்.

இங்கே தமிழின் வசதியைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர்கள் ஒருமையா பன்மையா என்று தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தில், தமிழ் 'அவர்' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகிறது. ஒருமையும் கெடவில்லை, பாலும் தெரியவில்லை, மரியாதையும் கிடைத்துவிட்டது. 'மனிதர்', 'மக்கள்', 'உடன்பிறந்தார்' என்று இருபாலருக்கும் பொதுவான சொற்கள் நம்மிடம் நிறைய உண்டு.

ஆனால், வசதிக்கும் ஒரு விலை உண்டு. பழைய தமிழ் பைபிளில் யூனியாவின் பெயர் யூனியா என்றேதான் இருக்கிறது. யாரும் அதை ஆணாக்கவில்லை. ஆயினும், 'அவர்கள்' என்ற வினைமுடிவில் அவர் பெண் என்பதும் தெரிவதில்லை. எத்தனை தமிழ்ப் பெண்கள் அந்த வரியை வாசித்துக் கடந்திருப்பார்கள், அங்கே நிற்பவர் தங்களில் ஒருவர் என்று அறியாமலே!

கடைசியாக ஒரு செய்தி. கிரேக்க 'அடெல்ஃபோஸ்' என்ற சொல்லின் வேரைப் பிரித்துப் பார்த்தால், 'ஒரே கருவறையிலிருந்து வந்தவர்' என்று பொருள். வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'சகோதரர்' என்ற சொல்லும் அதையேதான் சொல்கிறது. 'சக' என்றால் கூட. 'உதரம்' என்றால் வயிறு. இரண்டு மொழிகளும், ஒன்றையொன்று கேட்காமலே, தாயின் வயிற்றைச் சாட்சியாக வைத்து ஒரே சொல்லை உருவாக்கியிருக்கின்றன. நானூறு ஆண்டுகளாக மன்னர்களும் மாநாடுகளும் பதிப்பாளர்களும் சண்டையிட்ட சொல்லின் உள்ளே ஒரு தாய் இருக்கிறாள்.

அந்த வயிற்றில் மகனும் பிறந்தான், மகளும் பிறந்தாள். அழைப்பவர் இருவரையும் நினைத்துத்தான் அழைத்தார் என்றால், கேட்பவர் காதிலும் அது இருவருக்குமாக விழ வேண்டாமா? மொழிபெயர்ப்பாளர் முன்னால் இன்றும் இருக்கும் கேள்வி அதுதான். பதில் சொல்வது அகராதியா, அதிகாரமா என்பதை வாசிப்பவர்கள் விழிப்போடு கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.